பாப்பா கேட்ட கேள்விக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பொங்கலுக்கு நீ வரவில்லை. வேலை இருந்திருக்கும், சரி. பாப்பா போனில், கீவ் நகரத்து விளாதிமிர் எப்படி ராஜாவானான் என்று கேட்டாள். முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவனுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. எழுதுகிறேன், படித்துக் காட்டு.

அவன் அப்பன் ஸ்வியாதோஸ்லாவ் சண்டை, சண்டை என்று அலைந்தவன். 970இல் பிள்ளைகளுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான். மூத்தவன் யாரோபோல்க்குக்குக் கீவ், ஒலெக்குக்குத் தெரெவ்லியர் நாடு. அவர்கள் இருவரும் வேண்டாம் என்ற நோவ்கொரோட், வீட்டு வேலைக்காரி வயிற்றில் பிறந்த விளாதிமிருக்கு. இரண்டே வருஷத்தில் அப்பன் பெச்செனெக்குகள் என்ற நாடோடிக் கூட்டத்தின் கையில் செத்தான்.

அப்புறம் யார் மூட்டியது என்று பார். வேட்டைக்கு வந்த இடத்தில் தளபதி ஸ்வெனெல்டின் மகனை ஒலெக் கொன்றுவிட்டான். அந்தக் கிழவன் யாரோபோல்க்கின் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். அடுத்தவர் பேச்சைக் கேட்காதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். 977இல் படை போனது. ஓவ்ருச் கோட்டைப் பாலத்து நெரிசலில் ஒலெக் அகழியில் விழுந்தான். மேலே குதிரைகளும் ஆட்களும். காலையிலிருந்து மத்தியானம்வரை பிணங்களை இழுத்துப் போட்டுத் தேடி, அவனைக் கம்பளத்தில் கிடத்தினார்கள். யாரோபோல்க் அழுதானாம். "பார், நீ ஆசைப்பட்டது இதுதான்" என்று ஸ்வெனெல்டிடம் சொன்னானாம்.

விளாதிமிர் கடல் தாண்டி ஓடி, கூலிப்படையோடு திரும்பினான். சமாதானம் பேச வந்த அண்ணனை வாசலிலேயே இரண்டு பேர் வாளால் குத்தித் தூக்கினார்கள். இந்த வரியைப் பாப்பாவுக்கு வாசிக்காதே. அப்படித்தான் விளாதிமிர் கீவில் ராஜாவானான். மலைமேல் பெருன் சாமிக்கு மரச்சிலை வைத்தான், வெள்ளித் தலை, தங்க மீசை. 988இல் கிறிஸ்தவனானதும் அதையே குதிரை வாலில் கட்டி இழுக்கவைத்தான். அதை வாசி, சிரிப்பாள்.

சின்னவன் கூப்பிட்டால் எடு. எடுக்க முடியாவிட்டால் அப்புறமாவது கூப்பிடு. நீ படித்தவன், நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எடு.

செட்டில்மெண்ட் எழுதிய அன்று, "அண்ணனைக் கேட்டீங்களாப்பா" என்றான். கேட்டேன், சம்மதம்தான் என்றேன். நான் கேட்கவே இல்லை. கேட்டால் பேச்சு வளரும் என்று பயம். நான்கு வருஷமாக அவன் உனக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். நீ அவன்தான் மறைத்தான் என்கிறாய்.

அவன் நம்பர் மாறிவிட்டது. பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அப்பா