அளந்துவிட்டுக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை கணபதியில் 32 ஆண்டுகளாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கு ஒரு ஷாஃப்ட் கடையச் சொன்னாலும் வெர்னியர் வைத்து அளக்காமல் இரும்பைத் தொடமாட்டேன். மனிதர் நாள் முழுக்க உட்காரும் சக்கர நாற்காலிக்கு மட்டும் அளவு வேண்டாமா?

என் தங்கை கிணற்றுப் படியில் விழுந்ததில் கழுத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டது. நெஞ்சுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. மணிக்கட்டைத் தூக்குவாள், விரல்கள் மடங்காது. ஒரு முகாமில் சால்வை போட்டு, போட்டோ எடுத்து, நாற்காலி கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் மனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருக்கை 18 அங்குலம். அவளுக்கு வேண்டியது 15. மிச்ச இடத்தில் இடப்பக்கமாகவே சரிந்து உட்கார்ந்ததில் புண் வந்தது. வலி தெரியாததால் அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஆறுவதற்கு நான்கு மாதம் ஆயிற்று. போதாததற்கு நாற்காலியின் மொத்த அகலம் 26, எங்கள் குளியலறைக் கதவு 24. தினமும் இருவர் தூக்கிப் போக வேண்டும்.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இஞ்சு டேப்பால் அவளை அளந்தேன். குறுக்குச் சட்டங்களை அறுத்துச் சுருக்கி வெல்டிங் வைத்தேன். கால் தட்டை ஒன்றரை அங்குலம் உயர்த்தினேன். கையால் தள்ளும் வளையத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். விரல் பிடிக்காவிட்டாலும் உள்ளங்கை வழுக்காது. இப்போது அந்தக் கதவில் அவளே நுழைந்துவிடுகிறாள்.

செருப்புத் தைப்பவரிடம் சொல்லி உள்ளங்கையைச் சுற்றிக் கட்ட ஒரு தோல் பட்டை செய்தேன், நடுவில் சிறிய உறையோடு. முதல் பட்டையின் தையல் உள்பக்கம் இருந்து தோலை உராய்ந்தது. “உனக்கு இரும்புதான் தெரியும் அண்ணா” என்று திருப்பித் தந்துவிட்டாள். அடுத்ததை அவள் சொன்னபடி தைத்தோம். உறையில் ஸ்பூனைச் செருகினால் சாப்பாடு. பென்சிலைத் தலைகீழாகச் செருகினால் அந்த ரப்பர் முனையால் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். என் பட்டறை பில்களெல்லாம் அவள் போடுவதுதான். ஜிஎஸ்டி கணக்கில் நான் விட்ட பிழைகளைக் கண்டுபிடித்துத் திட்டுவதும் அவள்தான்.

இதில் என் மேதைமை ஒன்றும் இல்லை. ஆளைப் பரிசோதித்து, பொருத்திப் பார்த்து, பழக்கிவிட்டு, பிறகும் வந்து பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே சக்கர நாற்காலி வழிகாட்டியில் எழுதிவிட்டது. உட்காருபவரின் உடலுக்கேற்ப அமைத்துக்கொள்ளும் ‘நியோஃப்ளை’ நாற்காலியைச் சென்னை ஐஐடி உருவாக்கியிருக்கிறது. எல்லோராலும் அதை வாங்க முடியாது; ஆனால் எந்த முகாமிலும் டேப் பிடிக்க முடியும். முகாம் நாளில் அளவு மட்டும் எடுங்கள். நாற்காலியை ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மாற்றி அமைக்கும் கூலிக்கும் திட்டத்தில் பணம் ஒதுக்குங்கள். ஐ.டி.ஐ.யில் வெல்டிங், ஃபிட்டர் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேலையாக இதைக் கொடுக்கலாம்.

எங்கள் பக்கத்தில் அடுத்த முகாம் நடத்துபவர்கள் சொல்லி அனுப்பினால், டேப்போடும் வெல்டிங் செட்டோடும் வந்து நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வசதி.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.