பந்தயத்திற்கு முன் பிள்ளை பசியாறியதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் நெடுங்காலம் திடல்தடப் பயிற்சி அளித்து ஓய்வுபெற்றவன் நான். சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் பதின்மூன்று வயது மகனுடன் வீட்டிற்கு வந்திருந்தார். கையில் ஒரு புரத மாவு டின். இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியதாகவும், நாளொன்றுக்கு எத்தனை கரண்டி கலக்க வேண்டும் என்று கேட்டுப்போக வந்ததாகவும் சொன்னார். அவர் செம்பனைக் குலை அறுக்கும் வேலை செய்பவர். அந்தப் பணத்திற்காக எத்தனை நாள் வெயிலில் நின்றிருப்பார் என்ற எண்ணமே எனக்கு முதலில் எழுந்தது.

இருவரும் தாள் எடுத்துக் கணக்குப் போட்டோம். பயிற்சி செய்யும் விளையாட்டாளருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை என்பது விளையாட்டு உணவியலாளர்களின் பொதுவான பரிந்துரை. பையனின் எடை 45 கிலோ என்பதால், குறைந்த அளவு 54 கிராம். அவித்த முட்டை இரண்டில் 12, நூறு கிராம் கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனில் ஏறக்குறைய 20, அரைக் கோப்பை வெந்த பருப்பில் 9, ஒரு குவளைப் பாலில் 8, மூன்று கோப்பைச் சோற்றில் 12 என்று கூட்டினால் 61 வந்தது. மீன் வாங்காத நாளில் தெம்பேயோ (புளிக்கவைத்த சோயாக் கட்டி) கொண்டைக்கடலையோ அந்த இடத்தை நிரப்பும். டின்னின் மூடியைத் திறக்காமலேயே கணக்கு முடிந்துவிட்டதைக் கண்டு அவர் சிரித்தார். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பது வேறு கதை.

நம் பிள்ளைகளிடம் நான் பெரும்பாலும் கண்ட குறை புரதம் அன்று, வேளை தவறிய உணவு. மாவட்டப் போட்டி ஒன்றில் 800 மீட்டர் ஓடிய மாணவி ஒருத்தி, இரண்டாம் சுற்றின் கடைசி வளைவில் கால் பின்னி உட்கார்ந்துவிட்டாள். காலை ஐந்தரை மணிக்குக் கோப்பி ஓவும் (பாலில்லாக் கோப்பி) இரண்டு பிஸ்கட்டும் மட்டுமே சாப்பிட்டிருந்தாள். பந்தயம் நடந்ததோ பதினொரு மணிக்கு. இரவு முழுவதும் உண்ணாதிருந்த உடலில் கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை விடியும்போது பெருமளவு குறைந்திருக்கும் என்பதால், பந்தயத்திற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இட்டலி, இடியப்பம், உப்பிட்ட கஞ்சி என ஏதாவது வயிற்றில் இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு வாழைப்பழம் ஒன்று தின்றால் இன்னும் நல்லது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறான நாசி லெமாக் எனக்கும் பிடிக்கும். ஆயினும் தேங்காய்ப்பாலும் பொரித்த நிலக்கடலையும் செரிக்க நேரம் பிடிக்குமாதலால் அதைப் பந்தயம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்ற மலேசிய வீரர் ஜி. சரவணன் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நடந்தார். அப்படிப்பட்ட பந்தயத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தும் உப்பும் நீரும் இடையிடையே தேவைப்படும். மூன்று நிமிடத்தில் முடியும் ஓட்டத்திற்கு வண்ண வண்ணச் சத்துபானம் எதற்கு என்று பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நீண்ட நேரப் பயிற்சி நாளில் ஒரு லிட்டர் ஆறிய நீரில் நான்கு மேசைக்கரண்டிச் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை பிழிந்து கொடுத்தனுப்பினால் போதும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. வியர்வையில் அதிகம் வெளியேறும் சோடியம் அதில் குறைவு என்பதால், நிறைய வியர்த்த நாளில் அதிலும் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். சோறு உண்ட கையோடு தேநீர் குடிப்பது நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று; அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. மாதவிலக்கில் இரும்பை இழக்கும் மாணவியர் அதனால் விரைவில் களைத்துப்போகக்கூடும். அப்படிக் களைத்தவர்களைச் சோம்பேறி என்று நானே திடலில் திட்டியிருக்கிறேன். இன்று அதை நினைக்கக் கூச்சமாக இருக்கிறது. முருங்கைக்கீரையோ நெத்திலியோ பருப்போ உண்ணும்போது எலுமிச்சைச் சாறோ கொய்யாத் துண்டோ சேர்த்துக்கொண்டு, தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். களைப்பு நீங்காவிட்டால் அரசாங்க கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மாவட்டப் போட்டிகளுக்குப் பேருந்து விடியுமுன்பே புறப்பட்டுவிடுகிறது. அந்தந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அன்று ஒரு பானை இட்டலியும் ஒரு தட்டு அவித்த முட்டையும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் பேருந்தில் ஏற்றிவிட ஏற்பாடு செய்யுமானால், வெற்றிக் கோப்பை வாங்கித் தருவதைவிட அதற்குச் செலவு குறைவுதான். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உணவியலாளர் ஒருவரைக் கொண்டு மாதம் ஒருமுறையாவது இது குறித்து எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.