ஒரே ஆம்ப்பில் இரண்டு வகை சப்வூஃபர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

காரில் ஏற்கெனவே ஒரு சப்வூஃபர் (ஆழமான பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) இருக்கிறது. பழைய காரிலிருந்து கழற்றியதோ நண்பர் கொடுத்ததோ இன்னொன்றும் கையில் இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) ஸ்பீக்கர் வயருக்கு இரண்டு ஜோடித் திருகுகள் இருக்கின்றன. பிறகென்ன, இரண்டையும் மாட்டிவிடலாமே என்று கேட்டு வருகிறீர்கள். நாங்கள் உடனே வயரை எடுக்காமல் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பது உங்களில் சிலருக்கு மனவருத்தம் தந்திருப்பதை அறிவோம். புதிதாக ஒன்றை விற்பதற்காகவே தயங்குகிறோம் என்றும் சிலர் நினைத்திருக்கலாம். அந்தத் தயக்கத்தின் காரணத்தைக் கணக்கோடு எழுதிச் சொல்லிவிடுவதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறோம்.

முதலில் அந்த இரண்டு ஜோடித் திருகுகளைப் பற்றி. சப்வூஃபருக்கென்றே வரும் மோனோ (ஒரே சானல்) ஆம்ப்பில் இரண்டு பிளஸ்ஸும் இரண்டு மைனஸும் இருந்தாலும், உள்ளே அவை ஒன்றோடொன்று சேர்ந்தவைதான். வயர் செருக வசதியாக இருக்கட்டும் என்று வைத்தவையே தவிர, அவை தனித்தனிச் சானல்கள் அல்ல. ஆகவே ஆளுக்கொரு ஜோடியில் மாட்டினாலும் இரண்டு சப்வூஃபர்களும் பேரலலாகவே (பக்க இணைப்பாகவே) இணைகின்றன. ஓம் என்பது மின்தடையின் அளவு: 4 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால் ஆம்ப்புக்கு அது 2 ஓம், 4 ஓமும் 2 ஓமும் சேர்ந்தால் 1.33 ஓம்.

இந்த 1.33 ஓமால் வந்த சிக்கல் ஒன்றை எங்கள் மேசையிலேயே பார்த்தோம். பத்து நிமிடம் பாடியதும் ஆம்ப் நின்றுவிடுகிறது, ஆம்ப் கெட்டுப்போயிற்று என்று சொல்லி ஒருவர் காரைக் கொண்டுவந்தார். ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 1.2 ஓம் காட்டியது. (மீட்டரில் தெரிவது சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலின் நேர்மின் தடை, அது சப்வூஃபரில் அச்சிட்ட எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.) அந்த ஆம்ப் 2 ஓமுக்குக் கீழே போகக் கூடாத வகை. சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ள அது நின்றதே ஒழிய, அதில் பழுது ஏதும் இல்லை. பழுது வேறிடத்தில் இருந்தது. அவர் மாட்டியிருந்த இரண்டில் சின்ன சப்வூஃபரின் கோனை (முன்னால் அசையும் கூம்பை) இரு கை விரல்களால் சமமாக அழுத்தியபோது உள்ளே காயில் கரகரவென்று உரசியது; கழற்றி வெளியே எடுத்ததும் கருகிய வார்னிஷ் வாடை வந்தது.

அவருடைய பெரியது 12 இஞ்ச், 4 ஓம், 400 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் பவர்). சின்னது 10 இஞ்ச், 2 ஓம், 200 வாட்ஸ். பேரலலில் இரண்டுக்கும் ஒரே வோல்டேஜ்தான் போகும். ஆனால் தடை பாதியாக இருக்கும் காயில் இரண்டு மடங்கு பவரை இழுத்துக்கொள்ளும். ஆம்ப் 20 வோல்ட் கொடுக்கும்போது 12 இஞ்சுக்கு 100 வாட்ஸ், 10 இஞ்சுக்கு 200 வாட்ஸ். அதாவது பெரியது தன் திறனில் கால் பங்கில் இருக்கும்போதே சின்னது தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பேஸ் போதவில்லை என்று கெயினை (ஆம்ப்பின் ஒலி அளவைக் கூட்டும் குமிழை) திருப்பத் திருப்ப, தாங்க முடியாததன் மேல்தான் கூடுதல் சுமை ஏறுகிறது. கெயின் ஒன்றுதான், அதை மெலிந்தவனுக்கு ஏற்ப வைத்தால் வலியவன் சும்மா இருப்பான், வலியவனுக்கு ஏற்ப வைத்தால் மெலிந்தவன் கருகுவான்.

அப்படியானால் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கொடுத்து ஓமைக் கூட்டலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. ஒரே மாதிரியான இரண்டுக்கு அது சரியான வழி. வேறு வேறு வகைகளுக்கு அதை நாங்கள் செய்வதே இல்லை. 4 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் அந்தத் தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. சப்வூஃபர் இயல்பாக அதிரும் அதிர்வெண்ணான ஒத்ததிர்வு எண்ணுக்கு அருகே அது பல மடங்கு உயர்கிறது. இரண்டு சப்வூஃபர்களுக்கும் அந்த எண் வேறாக இருந்தால், ஒரு பேஸ் நோட்டில் ஒன்று பெரும்பங்கு வோல்டேஜை எடுத்துக்கொள்ளும், அடுத்த நோட்டில் மற்றொன்று எடுத்துக்கொள்ளும். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் பங்கீட்டை எந்தக் குமிழாலும் சரிசெய்ய முடியாது.

இவ்வளவும் மின்கணக்கு. ஓமும் வாட்ஸும் பொருந்திவிட்டாலும் பாக்ஸ் பொருந்தாமல் போகலாம். எங்களிடம் வரும் குறைகளில் கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான், ஏனென்றால் எதுவும் சூடாகாது, எதுவும் கருகாது, பேஸ் மட்டும் காணாமல் போகும். சீல்டு பாக்ஸில் (காற்றுப் புகாமல் மூடிய பெட்டியில்) இருக்கும் சப்வூஃபரின் ஒலி, அதிர்வெண் கீழே போகப்போக ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபெல் வீதம் குறைகிறது. போர்ட் (காற்றுக் குழாய்) வைத்த பாக்ஸில் போர்ட்டின் ட்யூனிங்குக்கு (அந்தக் குழாய் ஒத்ததிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே அது 24 டெசிபெல் வீதம் குறைகிறது. கூடவே ஒலி அலையின் ஃபேஸும் (அலை ஏறி இறங்கும் நேரப் பொருத்தமும்) மாறுகிறது: ட்யூனிங் எண்ணுக்கு அருகில் இரண்டு பாக்ஸ்களின் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 90 டிகிரி வித்தியாசம், அதற்கும் கீழே போனால் அது 180 டிகிரியை நெருங்குகிறது. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது என்று பொருள். ஒன்றின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிப் போட்டு ஓர் அதிர்வெண்ணில் சரிசெய்தால் இன்னோர் அதிர்வெண்ணில் பள்ளம் விழும்.

போர்ட் பாக்ஸுக்கு, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் அவசியம். ட்யூனிங்குக்குக் கீழே கோனைத் தாங்கிப்பிடிக்கப் பாக்ஸுக்குள் காற்றழுத்தம் இல்லாததால் அது அளவு மீறிப் பாயும். ஆனால் ஆம்ப் ஒன்றே என்பதால் அதே ஃபில்டர் சீல்டு பாக்ஸின் ஆழமான பேஸையும் வெட்டிவிடும். அந்த ஆழத்துக்காகத்தானே சீல்டு பாக்ஸை விரும்பி வாங்கினீர்கள். பாக்ஸின் ஒரே அறைக்குள் இரண்டு வகை சப்வூஃபர்களை வைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: வலியது அழுத்தும் காற்று மெலியதன் கோனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் காற்றுப் புகாத தடுப்புப் பலகை இல்லாத பாக்ஸில் இரு வகைகளை நாங்கள் ஏற்றுவதில்லை.

ஆனாலும் எல்லோரையும் திருப்பி அனுப்புகிறோம் என்று எண்ண வேண்டாம். ஓம் ஒன்று, வாட்ஸ் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் தனித்தனி சீல்டு அறைகளில் என்றால் தயாரிப்பு வேறாக இருந்தாலும் இணைத்துத் தருகிறோம். அப்போதும் 30, 40, 50, 60 ஹெர்ட்ஸ் டோன்களை முதலில் ஒன்றில் மட்டும், பிறகு இரண்டிலும் ஓடவிட்டு, நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்கச் செய்கிறோம். இரண்டு பாடும்போது ஒன்று மட்டும் பாடியதைவிடக் குறைவாகக் கேட்டால் அங்கே ஒன்றையொன்று அழிக்கிறது. அதை உங்கள் காதே சொல்லிவிடும். பொருந்தாதவற்றை வைத்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப், அல்லது கெயின் தனித்தனியாக உள்ள இரண்டு சானல் ஆம்ப் வேண்டும். அது பவர் பங்கீட்டைத் தீர்க்கும். பாக்ஸ்களின் ஃபேஸ் வேறுபாட்டைத் தீர்க்காது. எங்கள் கருத்தைக் கேட்டால், கையில் இருப்பதை விற்றுவிட்டு ஒரே மாடலில் இரண்டு வாங்குவதே நல்லது. பவரும் அதற்கேற்ப இரட்டித்தால் அந்த ஜோடி ஒன்றைவிட 6 டெசிபெல் வரை கூடுதலாகத் தரும். பொருந்தாத ஜோடியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

வரும்போது இரண்டு சப்வூஃபர்களின் மாடல் எண், ஒரு காயிலா இரண்டு காயிலா என்ற விவரம், ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கும் பக்கம், பாக்ஸின் உள்ளளவு ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். இரண்டு காயில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் இணைத்து மற்றதை விட்டுவிட்டுக் கொண்டுவருகிறார்கள். அதையும் பார்த்துச் சரிசெய்து தருகிறோம். வாட்ஸ் என்றால் ஆர்.எம்.எஸ். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் பீக் எண்ணை அல்ல.

ஏற்கெனவே இரு வகைகளை ஒரே ஆம்ப்பில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், எங்களிடம் வரும்வரை ஒன்றின் வயரைக் கழற்றி, நுனிகள் உலோகத்தில் படாதபடி டேப் சுற்றி வைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் ஒன்றைக் கழற்றினாலும் அதன் கோன் மற்றதன் காற்றழுத்தத்தில் ஆடிக்கொண்டிருக்கும்; எனவே அந்தச் சில நாட்களுக்கு ஒலியைத் தாழ்த்தியே வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் கார் ஆடியோ நிறுவனத்தார்