என் வலது கண்ணைக் காப்பாற்றியவர்களுக்கு

பாம்பன் தெற்குவாடிச் சொந்தங்களுக்கும் மதுரை கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கும் வணக்கம்.

கண் சிவந்து நீர் வடிந்தபோது உப்புக்காற்றும் வெயிலும்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டேன். முதலில் சிவப்பு குறைந்தது. நாலாம் நாள் வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை. "கண்ணோடயா விளையாடுற?" என்று அதட்டி அன்றைக்கே பஸ் ஏற்றிவிட்ட எதிர்வீட்டு அத்தைக்கு முதல் நன்றி.

டாக்டரம்மா கண்ணில் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் மரக்கிளை போலப் புண். ஹெர்பிஸ் வைரஸாம். எப்போதோ உடம்புக்குள் வந்து முகத்து நரம்பு முடிச்சில் தூங்கிக் கிடந்தது, இப்போது எழுந்திருக்கிறது. நான் விட்ட சொட்டு மருந்தில் இருந்தது ஸ்டீராய்டு. அது உடம்பின் எதிர்ப்பை அடக்கி வைரஸுக்கு வழிவிட்டிருக்கிறது. தினம் 5 வேளை களிம்பு போடச் சொன்னார். எனக்கு மணி பார்த்துப் பழக்கமில்லை. "பாங்கு சொல்றப்பல்லாம் போடுங்க மாமா" என்றார் பக்கத்து வீட்டு பாய். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

புண் ஆறியது. சில வாரத்தில் மறுபடி புகைமூட்டம். இந்த முறை டாக்டரம்மாவே ஸ்டீராய்டு எழுதினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்படாமல் விளக்கினார். இப்போது கண்ணைக் கெடுப்பது வைரஸைவிட, அதைத் தேடி வந்த நம் வெள்ளையணுக்கள்தானாம். கருவிழி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய இடம், ரத்தக்குழாய்கூடக் கிடையாது. அங்கே அந்தப் படை இறங்கினால் வீக்கம், அப்புறம் தழும்பு. நண்டைப் பிடுங்குகிற அவசரத்தில் வலையைக் கிழித்துக்கொள்வோமே, அந்தக் கதைதான். படையை அடக்க ஸ்டீராய்டு, அந்த நேரம் பார்த்து வைரஸ் தலைதூக்காமலிருக்க அசைக்ளோவிர் மாத்திரை. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தாமல், அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். மாத்திரை மட்டும் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, ஒரு வருஷம். அப்படிச் சாப்பிட்டால் நோய் திரும்பி வருவது ஏறக்குறைய பாதியாகக் குறையுமாம்.

ஓரத்தில் சின்னத் தழும்பு நிற்கிறது. ஆனால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலைக்கண்ணை எண்ண முடிகிறது.

நான் கடலுக்குப் போகாத நாளெல்லாம் என் பங்கை வீட்டில் கொடுத்த படகுக்கார அண்ணனுக்கு என்ன சொல்வது? திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். சரி அண்ணே, ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வீட்டுக்கு வாங்க. நண்டுக் குழம்பு.