பூ விழும் ஓசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழில் கவிதைக்கென்றே ஒரு முழுப் பக்கம் கொடுக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். அதையொட்டி ஒரு வேண்டுகோள்.

பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்குச் சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் நூலகத்தில் பாடம் வாசித்துக் காட்டுகிறேன். சென்ற மாதம் குறுந்தொகை 138ஆம் பாட்டு வந்தது. கொல்லன் அழிசி பாடியது. ஊரே தூங்குகிறது, தோழியும் தலைவியும் மட்டும், வீட்டுக்குப் பக்கத்து நொச்சியிலிருந்து பூ உதிரும் ஓசையைக் கேட்டபடி விழித்திருக்கிறார்கள். பல வருஷமாக எனக்குத் தெரிந்த பாட்டு. ஆனால் மனதில் நின்றதெல்லாம் நீலமணி போன்ற பூவும், மயிலின் காலடி போன்ற இலையும்தான். அவரோ கேட்டு முடித்ததும், "அம்மா, நொச்சிப்பூ ரொம்பச் சின்னதாச்சே! அது விழுறதே கேக்குதுன்னா, எவ்வளவு நேரமா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்!" என்றார். இரவு ஒரு மணிக்கும் வண்டிச் சத்தம் ஓயாத வேளச்சேரியில் இருக்கிறேன். அந்தப் பாட்டின் இரவு எனக்கு அன்றைக்குத்தான் கேட்டது.

அடுத்த வாரம் எங்கள் தெருவிலிருந்து ஒரு நொச்சிக் கொத்து ஒடித்துக்கொண்டு போனேன். கொசுவை விரட்டும் என்று முன்பு மாநகராட்சி கன்று கொடுத்ததே, அதே நொச்சிதான். இலையின் பிரிவுகளை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு, "ஓ, இதுதான் மயிலடியா!" என்றார்.

கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணர்கிறவர்களுக்கே மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது, பிடிபடும் என்று தம் நூலின் மெய்ப்பாட்டியல் பகுதியை முடிக்கிறார் தொல்காப்பியர். இந்த மாணவருக்குக் கண்ணின் வேலையை விரல் செய்துவிடுகிறது. காது இருந்தும் அதைப் பாட்டுக்குக் கொடுக்காதவர்கள் நாம்தான். பள்ளியில் எதுகைக்கு அடிக்கோடு போடச் சொல்கிறோம், வாய்விட்டுப் படிக்கச் சொல்வதில்லை.

அவருடைய கைபேசியில் திரையை வாசித்துக் காட்டும் செயலி இருக்கிறது. செய்திக்கு அது போதும். கவிதையையும் அதே வேகத்தில் ஓட்டிவிடுகிறது. அடி எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை.

ஆகவே, உங்கள் பக்கத்தில் வரும் கவிதைகளை எழுதியவர் குரலிலேயே பதிவு செய்து இணையதளத்தில் போடுங்கள். அப்புறம், மாதம் ஒரு சங்கப் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
வேளச்சேரி, சென்னை