பாக்கெட்டை எண்ணிப் பார்த்த சேச்சிக்கும், அம்மாவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் பாதி ஊர் வீட்டுக்கு வந்துவிடும். அம்மா படுத்திருந்த நாட்களிலும் வந்தீர்கள். ஒவ்வொருவர் வாசலிலும் நின்று சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை வந்து 14 வருடம். கிட்னியும் தளர்ந்துவிட்டது, அதைக் காட்டும் கிரியாட்டினின் 2.1. போன வருடம் டெஸ்ட் எடுத்தபோது வைட்டமின் டி 11தான் இருந்தது. "காலமெல்லாம் வெயிலில் கடலைக்காட்டில் களை எடுத்தவளுக்கா?" என்று அம்மா நம்பவே இல்லை. கால் வீங்கி இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு என்று 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் எழுதிக் கொடுத்தார்கள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வைட்டமின் டி ஏறினால் இன்சுலின் நன்றாகக் கேட்கும், சர்க்கரை இறங்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, நானேதான் மேலும் மேலும் வாங்கிப் பாலில் கலக்கிக் கொடுத்தேன். வாரத்துக்கு மூன்று வரை போனது. கூடவே கால்சியம் மாத்திரையும்.

ஆஷா சேச்சி, ஊர் சுகாதாரப் பணியாளராக நீங்கள் பிரஷர் பார்க்கத்தான் வந்தீர்கள். ஜன்னல் கம்பியில் செருகியிருந்த காலி பாக்கெட்டுகளைக் கண்டு ஒவ்வொன்றாக எண்ணினீர்கள். அம்மாவின் வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழறும் பேச்சு எல்லாமே கிட்னியால்தான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். நீங்கள் அன்றைக்கே கிளம்பச் சொன்னீர்கள். கோவையில் பார்த்தபோது, வைட்டமின் டி அளவு மீறி ரத்தத்தில் கால்சியம் 13.2 வரை ஏறியிருந்தது. நீங்கள் எண்ணாமல் போயிருந்தால் மறுநாளும் நான் ஒரு பாக்கெட் கலக்கியிருப்பேன்.

வேலந்தாவளம் வழியாகக் கோவை வரை வண்டி ஓட்டிய அண்ணா, காசு வாங்க மறுத்தீர்கள். தெக்காலத் தோட்டத்துப் பெரியம்மா, எங்கள் மாட்டைப் பதினோரு நாள் கறந்து ஊற்றினீர்கள்.

டாக்டர், உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். என்னைத் திட்டாமல் உட்கார வைத்துச் சொன்னீர்கள். வெயிலில் தோல் உண்டாக்கும் வைட்டமின் டி அப்படியே பயன்படாது, கல்லீரலில் ஒருமுறை, கிட்னியில் ஒருமுறை மாற வேண்டும், கிட்னி தளர்ந்தால் அந்தக் கடைசி மாற்றம் குறையும் என்றீர்கள். கிட்னி நோயில் உடம்பு இன்சுலின் சொல்லைக் கேட்காது, வைட்டமின் டி குறைந்தவர்களிடம் அது கூடுதலாகத் தெரிகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் குறைவை நிரப்பினாலே சர்க்கரை இறங்கிவிடும் என்பதற்கு உறுதி இல்லை என்றீர்கள். அமெரிக்காவில் சர்க்கரை வரும் நிலையில் இருந்த 2,423 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்குத் தினம் 4,000 யூனிட் கொடுத்தும் சர்க்கரை நோய் வருவது சொல்லும்படி குறையவில்லை என்பதையும் எடுத்துக் காட்டினீர்கள். நம்பிக்கை கொடுப்பது சுலபம். உள்ளதைச் சொல்ல உங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று நான் பார்த்தேன்.

இன்சுலின் போடச் சொல்லிக் கொடுத்த நர்ஸ் சேச்சிக்கும் நன்றி. இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் கிட்னிக்கும் பங்கு உண்டு, அது தளர்ந்தால் போட்ட ஊசி உடம்பில் நெடுநேரம் நிற்கும், ராத்திரி சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்றீர்கள். அப்புறம்தான் தலைமாட்டில் சர்க்கரை டப்பா வைத்தோம். ஒரு ராத்திரி மூன்று மணிக்கு அது அம்மாவைக் காப்பாற்றியது.

வைட்டமின் டி கொழுப்பில் தங்குவதால் கால்சியம் இறங்க வாரக்கணக்கானது. இப்போது 9.8. இனி டெஸ்ட் பார்த்து, டாக்டர் சொல்கிற அளவு மட்டும்தான். அம்மா காலையில் திண்ணையில் வெயில் படுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வந்து பேசிவிட்டுப் போங்கள். ஆசையாக வெட்டி வரும் இளநீர் மட்டும் வேண்டாம், அம்மாவுக்குப் பொட்டாசியம் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.