பாடநூல் எழுதுவோரே, 391-ஐயும் 323-ஐயும் கேளுங்கள்

கணிதப் பாடநூல் குழுவினருக்கு வணக்கம்.

மீப்பெரு பொதுக் காரணிப் பாடத்தில் வரும் கணக்குகள் பெரும்பாலும் 12, 18 அல்லது 24, 36 அளவிலேயே நின்றுவிடுகின்றன. காரணிகளை வரிசையாக எழுதி, இரண்டிலும் இருப்பவற்றில் பெரியதை வட்டமிட்டால் போதும். அதே மாணவரிடம் 391, 323 கொடுத்துப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13 வரை வகுத்துப் பார்ப்பார். எதுவும் மீதியின்றிப் போகாது. சலித்துப்போய் 1 என்று எழுதிவிடுவார். விடை 17. இன்னும் ஓர் எண் தள்ளிப் போயிருந்தால் கிடைத்திருக்கும்!

இந்த இடத்துக்கென்றே தொடர் வகுத்தல் முறை இருக்கிறது. யூக்ளிடு கி.மு. 300 வாக்கிலேயே எழுதிவைத்தது. பல நூல்களில் அது கடைசிப் பக்கத்தில், "மேலும் அறிய" பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை முன்னே கொண்டுவாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

391-ஐ 323-ஆல் வகுத்தால் மீதி 68. 323-ஐ 68-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 51. 68-ஐ 51-ஆல் வகுத்தால் மீதி 17. 51-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 0. கடைசியாக வகுத்த எண்தான் விடை. நான்கே வகுத்தல், பகா எண் எதையும் தேட வேண்டியதில்லை. சிறிய எண்ணில் எத்தனை இலக்கமோ அதன் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல்கள் தேவைப்படாது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாமே 1844-இல் நிறுவினார்.

ஏன் இது சரி என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். 391-ஐயும் 323-ஐயும் வகுக்கும் எண் எதுவாயினும், அவற்றின் வித்தியாசமான 68-ஐயும் வகுக்கும். 323-ஐயும் 68-ஐயும் வகுப்பது, அவற்றின் கூடுதலான 391-ஐயும் வகுக்கும். ஆகவே எண்கள் சிறுத்தாலும் பொதுக் காரணிகள் மாறுவதில்லை. காரணம் தெரியாதவர்தான் மீதிக்குப் பதில் ஈவை அடுத்த வகுத்தியாக எடுப்பார், அல்லது மீதி 0 வந்ததும் விடை 0 என்பார்.

மற்ற முறைகளை நீக்கச் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் மாணவர் சறுக்கும் இடங்களைக் காட்டுங்கள். பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்கும் முறையில் 72 = 2³ × 3², 108 = 2² × 3³. இங்கே சிறிய அடுக்குகளை எடுத்தால் 36. பெரிய அடுக்குகளை எடுப்பவருக்கு 216 வரும். அது மீச்சிறு பொது மடங்கு. பொதுக் காரணி 72-ஐ விடப் பெரிதாக இருக்க முடியுமா என்று கேட்கப் பழக்கினாலே இந்தப் பிழை தானாக அகப்படும்.

மூன்று எண்களைச் சேர்த்து வகுக்கும்போது குழப்பம் இன்னும் அதிகம். 24, 36, 45-ஐ 3-ஆல் வகுத்தால் 8, 12, 15. 8-உம் 12-உம் 4-ஆல் வகுபடுகின்றனவே என்று தொடர்ந்து, விடை 12 என்பார்கள். 15 வகுபடாததால் 3-லேயே நிறுத்த வேண்டும். இரண்டு எண்கள் வகுபட்டாலே தொடரலாம் என்பது பொது மடங்குக்கான விதி. இரண்டு பாடங்களும் அடுத்தடுத்து, ஒரே வடிவக் கட்டத்தோடு வருவதால் கை பழைய பழக்கத்திலேயே போகிறது.

"மீப்பெரு பொதுக் காரணி × மீச்சிறு பொது மடங்கு = எண்களின் பெருக்கல்" என்ற வரிக்குப் பக்கத்தில் "இரண்டு எண்களுக்கு மட்டும்" என்று தடித்த எழுத்தில் போடுங்கள். 4, 6, 10-க்கு 2 × 60 = 120; பெருக்கலோ 240.

பயிற்சியில் பத்துக் கணக்கு இருந்தால், மூன்றிலாவது எண்கள் 200-க்கு மேல் இருக்கட்டும். அவற்றின் பொதுக் காரணி 17, 19, 23 போன்ற பகா எண்ணாக அமையட்டும். 437, 551 ஒன்று.